வாலை இழுக்கும் கையை மென்மைக்குப் பழக்குவது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், வீடு. மூன்று வயது மகன் பூனையின் வாலைப் பிடித்து இழுக்கிறான், பின்கட்டில் சங்கிலியில் இருக்கும் நாயின் மேல் ஏறி உட்காரப் பார்க்கிறான். ஆறு வயது மகள் பூனையை எந்நேரமும் தூக்கிக்கொண்டு திரிகிறாள், கையெல்லாம் கீறல். திட்டியும் அடித்தும் பலனில்லை. நாயைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார்.

மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் கெட்ட பிள்ளை இல்லை. மூன்று வயதில் ஒரு பொருளைப் பிடித்தால் முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும். பிடியைத் தளர்த்துவது பிறகுதான் வரும். தனக்கு வலிப்பதுபோல இன்னொரு உயிருக்கும் வலிக்கும் என்பதும் அந்த வயதில் அரைகுறையாகத்தான் புரியும். பூனை கத்துவதும் துள்ளுவதும் அவனுக்கு வேடிக்கையாகவே தெரியும். அதனால் ‘மெதுவா, மெதுவா’ என்று தூரத்திலிருந்து எத்தனை முறை கத்தினாலும் பயனில்லை. மெதுவாகத் தொடுவது எப்படி என்று அந்தக் கைக்கு யாரும் காட்டவில்லை. மென்மை கையால் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று, உங்கள் கை அவன் கையைப் பிடித்துத்தான் அதைச் சொல்லித்தர வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் பூனையிடமே போகாதீர்கள். உங்கள் முன்னங்கையை நீட்டி, அதைத் தடவச் சொல்லுங்கள். உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும், விரல்கள் மூடக்கூடாது, ஒரே கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே திசையில் தடவ வேண்டும். அழுத்தினால் ‘இது அழுத்தம்’ என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துச் சரியான அளவைக் காட்டுங்கள். பிறகு அவன் கையை நீங்கள் அதே அளவில் தடவுங்கள். அந்தத் தொடுதல் எப்படி இருக்கிறது என்று அவன் தோலுக்குத் தெரிந்தால்தான் தன் கையில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஒரு கை என்பதில் உறுதியாக இருங்கள். இரண்டு கையும் போனால் அது கட்டிப்பிடிப்பாகவோ இறுக்கிப் பிடிப்பாகவோ மாறிவிடும்.

சொல்லும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். ‘இழுக்காதே’ என்றால் பிள்ளை காதில் விழுவது இழுப்பதுதான், அதற்குப் பதில் என்ன செய்வது என்று அதில் இல்லை. ‘கையை விரி’, ‘ஒரு கை’ என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். அப்பா, பாட்டி, அக்கா எல்லாரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் இந்த வயதில் எதுவும் பதியாது.

அதன் பிறகு பூனை. மாலை ஐந்து மணிக்கு மேல், கூரைத் தகரத்தின் சூடு தணிந்ததும் செய்யுங்கள். பிள்ளை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கக்கூடாது, பூனை சாப்பிட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கக்கூடாது. பையன் தரையில் உட்கார வேண்டும், நீங்கள் அவனுக்கும் பூனைக்கும் நடுவில். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்காதீர்கள், கூப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள். வந்தால் உண்டு, வராவிட்டால் அன்றைக்கு இல்லை. வந்தால் அவன் கையை உங்கள் கைமேல் வைத்து, கன்னம், தாடைக்குக் கீழ், காதின் அடிப்பக்கம் என்று தடவுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கையை எடுத்துவிடுங்கள்.

கையை எடுத்த அந்த நேரம்தான் பாடம். பூனை தலையை முட்டிக்கொண்டு வந்தால், கன்னத்தை உரசினால், இன்னொரு மூன்று. திரும்பிப் போனால், முகத்தைத் திருப்பினால், அப்படியே அசையாமல் இருந்தால் போதும் என்று அர்த்தம். ‘பேசாமத்தானே இருக்கு’ என்று பெரியவர்களே தப்புக் கணக்குப் போடுகிற இடம் இது. அசையாமல் இருப்பது சம்மதம் இல்லை, பல பிராணிகள் பயந்தால் உறைந்துதான் போகும். ‘பூனை போதும்ங்குது, டாட்டா சொல்லு’ என்று சொல்லி எழுந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் போதும். பையனுக்குக் கை பழகுவதோடு, எதிரில் இருக்கும் உயிர் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், அதைக் கேட்க வேண்டும் என்பதும் சேர்ந்து பழகும். இந்த இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் நடுவில் வாலைப் பிடித்துவிடுவான். அப்போது பதறிப்போய் அவனைப் பின்னால் இழுக்காதீர்கள், அவனோடு வாலும் சேர்ந்து வரும். அவன் கையைப் பூனையின் பக்கமாகத் தள்ளி இழுப்பைத் தளர்த்துங்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும், சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். வாலை இழுப்பது சின்ன விஷயம் இல்லை. பூனையின் வால் அடியில் இருக்கும் நரம்புகள்தான் அது சிறுநீர் கழிப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. பலமான இழுப்பில் அந்த நரம்புகள் அறுந்துபோகலாம். வால் துவண்டு தொங்கினாலோ, பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் திணறினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கையைப் பிரித்த பிறகு, குரலை உயர்த்தாமல், ‘பூனைக்கு வலிக்குது. இப்ப பூனை போகட்டும்’ என்று ஒரே வரி. அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வேறு வேலை கொடுங்கள். அடிக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அடி வாங்கிய பிள்ளைக்குப் பூனை இருந்தால் அடி விழும் என்பதுதான் மனத்தில் நிற்கும், அடுத்த முறை உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் இழுப்பான். பூனையும் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: இந்தப் பையன் பக்கத்தில் வந்தால் வீட்டில் சத்தம் எழும். அதனால் அவனைக் கண்டதுமே காதை மடக்கும், நகத்தை நீட்டும். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்று வீட்டிலேயே பார்த்த பிள்ளை, தன்னைவிடச் சின்னதான பூனையிடம் அதைச் செய்வதில் ஆச்சரியம் இல்லை.

மகளுக்கு வேறு விதி. ஆறு வயதில் காரணம் சொன்னால் புரியும். பூனையைத் தூக்குவது இனி இல்லை, உட்கார்ந்தால் பூனையே மடிக்கு வரும் என்று சொல்லுங்கள். கீறல் எல்லாம் தூக்குவதால் வருகிறது. பின்னங்கால் தாங்கல் இல்லாமல் தொங்கினால் விழுந்துவிடுவோம் என்று பூனை நகத்தை ஊன்றும். தூக்கியே ஆக வேண்டிய நேரத்தில் பெரியவர் தூக்கட்டும், ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்காலுக்குக் கீழே. பூனை வால் நுனியைச் சடசடவென ஆட்டுவது, காது பக்கவாட்டில் படிவது, முதுகுத் தோல் அலைபோல் துடிப்பது, கண்மணி விரிவது இவற்றை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பூனை மல்லாந்து வயிற்றைக் காட்டினால் வயிற்றைத் தடவச் சொல்கிறது என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலான பூனைகள் வயிற்றில் கை பட்டால் நான்கு காலாலும் பிடித்துக் கடிக்கும். இதை நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை தம்பிக்கும் சொல்லித் தரும், அந்தப் பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள். ஆனால் தம்பியையும் பிராணியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது இல்லை, அது பெரியவர்களுடையது.

பூனைக்கு ஏறி ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அலமாரியின் மேல்தட்டு போதும், பையனுக்கு எட்டாத உயரம், சுமார் ஒன்றரை மீட்டர். சோற்றுத் தட்டும் மணல் தட்டும் அவன் கை படாத மூலையில் இருக்கட்டும். தப்பிக்க வழி உள்ள பூனை கீறுவது குறைவு.

இனி நாய். எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) தாமானிலும் நாயைப் பின்கட்டில் சங்கிலியில் கட்டிவைப்பது பழகிப்போன வழக்கம். ஆனால் கட்டிய நாய்க்கு விலகிப் போக வழி இல்லை. பிடிக்காத ஒன்று நெருங்கும்போது நாய் முதலில் செய்வது விலகுவதுதான். சங்கிலி அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உறுமுவதும் கடிப்பதும்தான். அதற்கு மேல், அந்தச் சின்ன வட்டம்தான் அதன் உலகம் என்பதால் தட்டையும் தண்ணீரையும் அது பலமாகக் காக்கும். மூன்று வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை நாய் கடிக்கும்போது காயம் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுவதற்கு இதுவே காரணம். கடிப்பது பெரும்பாலும் தெருநாயும் இல்லை, வீட்டில் பழகிய நாய்தான். நாயின் மேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுப்பது இன்றோடு நிற்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று. நாய் சங்கிலியை முழுதாக இழுத்து நிற்கும் இடத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, சிமெண்ட் தரையில் பளிச்சென்ற பெயிண்டால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டுவது பெரியவர்கள் மட்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆனால் மூன்று வயதில் கோட்டை நம்ப முடியாது. பின்கதவுக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு வையுங்கள், பையனுக்கு எட்டாத தாழ்ப்பாளோடு. அடுத்ததாகச் சங்கிலியை விட முயலுங்கள். வேலி சரியாக இருந்தால் வெளிக்கேட்டைப் பூட்டி வளாகத்தில் அவிழ்த்துவிடலாம். முடியாவிட்டால் காலையும் மாலையும் அரை மணி நேரமாவது கயிற்றில் நடத்திக் கொண்டுபோங்கள். தார் ரோடு நண்பகலில் பாதத்தைச் சுடும், ஏழு மணிக்கு முன்போ ஆறு மணிக்குப் பின்போ போகலாம். நிழலும் கவிழாத தண்ணீர் வாளியும் இருக்கட்டும். வெயிலில் வாடிய நாயிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

நாய் ‘போதும்’ என்று சொல்வதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. கடைசியில் கடித்ததும் ‘திடீர்னு கடிச்சிருச்சி’ என்கிறார்கள். அது திடீரென்று இல்லை. முதலில் முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும். தலை ஒரு பக்கம் இருக்க, கண் மட்டும் உங்களைப் பார்த்து வெள்ளைவிழி தெரியும். காது பின்னால் போகும், வால் தாழும், உடம்பு விறைக்கும். பிறகுதான் உறுமல், அதற்குப் பிறகு பல். சின்னப் பிள்ளைகள் நாய் பல்லைக் காட்டுவதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் இதைப் படிக்க வேண்டியது நீங்கள், பையன் இல்லை. உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும். உறுமினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள், எதற்கு உறுமியது என்று பாருங்கள்.

நாயைத் தடவும் முறை பூனைக்குச் சொன்னதுதான், இடம் மட்டும் வேறு. மார்பு, தோள்பட்டை, தாடைக்குக் கீழ். தலைக்கு மேலிருந்து கை இறங்கக்கூடாது. காது, பாதம், வால், வாய் தொடக்கூடாது. கட்டிப்பிடிப்பதும் முத்தம் கொடுப்பதும் வேண்டாம். நமக்கு அன்பு, நாய்க்கு அது பிடித்து அழுத்துவது. கட்டியிருக்கும்போது தடவவே வேண்டாம். நாயை நீங்கள் கயிற்றில் பிடித்து, அது தானாக வந்தால் மட்டும். சாப்பிடும்போதும், எலும்பு கடிக்கும்போதும், தூங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் போகக்கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அடுப்பில் சோறு கிளற வேண்டும் என்றால் நடுவில் கதவை மூடிவிட்டுப் போங்கள்.

திடீரெனச் சிடுசிடுக்கும் பிராணிக்கு எங்கேயோ வலி இருக்கலாம். காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி என்று பல இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் வைக்கும் எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றாலும் ஆபத்து. சில நாள் கழித்துச் சோர்வும் ஈறில் இரத்தமும் தெரியும், உடனே மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

பையனுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் அவனுக்குப் பிராணியோடு உறவு வரும். நாய் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது கோப்பையால் அளந்து தட்டில் தீனி போடுவது, வாளியில் தண்ணீர் ஊற்றுவது. தட்டைக் கொண்டுபோய் வைப்பது நீங்கள். கையால் ஊட்டுவது வேண்டாம், தட்டிலிருந்து எதையும் நாய்க்கு வீசக்கூடாது. பாயசத்தில் இருக்கும் காய்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்பில் வெந்த வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களை உடைக்கும். சாக்லேட்டும் ஆகாது, வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனைக்குப் பனடோல் (பாராசிட்டமோல்) ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். இதெல்லாம் பிள்ளைக்குச் சொன்னால், அன்போடு கொடுக்கும் தின்பண்டம்கூடக் கெடுதல் செய்யும் என்பது புரியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இதோடு சேர்ந்தது. நாய்க்குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும், உருண்டைப் புழு பிள்ளைகளுக்கும் வரும்.

பெரியவர்கள் பேச்சும் கொஞ்சம் மாற வேண்டும். ‘சாப்பிடல, நாய் வந்து கடிச்சிடும்’ என்று சோறு ஊட்டினால் பிள்ளை நாயைப் பயந்தோ வம்புக்கு இழுத்தோதான் பார்க்கும். மாமா வந்து ரொட்டியைக் காட்டிக் காட்டி நாயைத் துள்ளவைத்துச் சிரித்தால், தெருநாய்மேல் கல் எறிந்தால், பிள்ளை அதைத்தான் படிக்கும். அவரிடம் பிள்ளை இல்லாத நேரத்தில் மரியாதையாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகிற வழியில் தோட்டத்து நாய்கள் துரத்தும்போது என்ன செய்வது என்று மகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. மரம்போல நின்று, கையைக் கோத்து வயிற்றோடு சேர்த்து, தன் கால் விரலைப் பார்க்க வேண்டும். நாய் முகர்ந்துவிட்டுப் போகும். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும்.

தாமானில் மலாய்க் குடும்பங்கள் பக்கத்தில் இருப்பார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமயமுறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். நாயை அவிழ்த்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ பிள்ளைகள் போகக்கூடாது என்பதும் மென்மையின் ஒரு பகுதியாகச் சொல்லித்தர வேண்டியது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டு விதி எதுவும் தெரியாது. நாயையும் பூனையையும் விசிறி ஓடும் உள் அறையில் விட்டுக் கதவைப் பூட்டிவிடுங்கள், பட்டாசுச் சத்தத்துக்கும் அதுவே நல்லது.

முயலோ கோழிக்குஞ்சோ பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கி வந்தால் மூன்று வயதுக் கையில் கொடுக்காதீர்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினால் அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பறவைகள் மூச்சு விட நெஞ்செலும்பு அசைய வேண்டும். குஞ்சைக் கையில் இறுக்கினால் கழுத்து சரியாக இருந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

கடி விழுந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகத்துக்கு) போங்கள். மஞ்சள் அப்புவது, காப்பித் தூள் போடுவது வேண்டாம். பூனைக் கடி சிறு புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே ஆழம், எளிதில் சீழ் பிடிக்கும், அதற்கும் போக வேண்டும். பெர்லிஸ், கெடா, பினாங்கில் 2015-இலும், சரவாக்கில் 2017-இலிருந்தும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியிருக்கிறது. தடுப்பூசி போடாத நாய் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை, வலிக்கும் என்று தெரிந்தே, ஒளித்துவைத்துத் திரும்பத் திரும்பப் பிராணியை வதைத்தால், அது கைப்பழக்கம் இல்லை. அந்தப் பிள்ளையை யாரோ வதைக்கிறார்களோ என்று பாருங்கள். கிளினிக் டாக்டரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேசுங்கள். உங்கள் மகன் அந்த வகையில் இல்லை.

மாமியாரின் பயம் நியாயமானது, பேரனை நினைத்துத்தான் சொல்கிறார். அவரையும் கோடு போடும் வேலையிலும் தடுப்புக் கதவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நாயைத் தோட்டத்துக்குள் விடுவது தீர்வு இல்லை. பசியோடு திரியும் நாய் அடுத்த லயத்துப் பிள்ளையைத்தான் கடிக்கும். 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி பிராணியைக் கைவிடுவது குற்றம். விலங்குக் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நாய் ஏற்கெனவே பையனைப் பார்த்து விறைத்து நிற்கிறது, கடிக்கப் பார்த்தது என்றால் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம், முற்றிலும் பிரித்துவையுங்கள். சின்னப் பிள்ளைகள் இல்லாத, நாய் வளர்த்துப் பழகிய ஒரு வீடு தேடி, தடுப்பூசி அட்டையோடும், அதற்கு எது பிடிக்காது என்ற விவரத்தோடும் கொடுங்கள்.